அகக்காழும் புறக்காழும்

தச்சர் ஒருவர் மரக்கடைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்கிறார் என்று நீங்கள் உற்றுநோக்கியதுண்டா? அவர் உடனே விலை கேளார். மரத்தின் அறுத்த முகத்தைப் பார்ப்பார். அம்முகத்தில் இரு நிறங்கள் தோன்றும். நடுவே கருமையோ செம்மையோ பொன்மையோ கொண்ட பகுதி. அதனைச் சூழ்ந்து, பட்டையை ஒட்டி, வெளுத்த வளையம். நடுப்பகுதியை வயிரம் என்பர். பழந்தமிழில் அதற்குக் காழ் என்று பெயர். வயிரமில்லாத வெளுத்த பகுதி வெளிறு எனப்படும்.

தொல்காப்பியர் தம் நூலின் மரபியலில், இக்காழைக் கொண்டே புல்லையும் மரத்தையும் பிரித்தார். உள்ளே காழுடையன மரம். புறத்தே காழுடையன புல். அவ்வாறாயின் தேக்கும் வேங்கையும் மரம். வானளாவிய பனையும் மூங்கிலும் புல். பனையைப் புல் என்பதா என்று நகைத்தல் வேண்டா. இன்றைய தாவர நூலாரும் மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே வைத்துள்ளனர். பனை வேறு குடும்பத்தது எனினும், புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரம் ஆகும்.

இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாகிறது? மரத்தின் பட்டைக்கு உட்புறம் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அது தனக்கு உட்புறமாகப் புதிய கட்டையை அடுக்கடுக்காகப் படைத்துக்கொண்டே பருக்கிறது. புதிய அடுக்கின் வழியே நீர் வேரிலிருந்து இலைக்கு ஏறும். நடுவில் ஒதுங்கிய பழைய அடுக்குகள் அத்தொழிலை விட்டுவிடும். அவற்றின் உயிரணுக்கள் மடிய, பிசினும் எண்ணெயும் துவர்ப்பொருளும் அங்குப் படியும். அதுவே வயிரம். வெளிறைவிட வயிரம் பன்மடங்கு வலிமையுடையது எனப் பலர் கருதுவர். சுமை தாங்குவதில் இரண்டிற்கும் பெரிய வேற்றுமை இல்லை. கறையானும் காளானும் தீண்டாமல் நெடுநாள் நிற்பதில்தான் வேற்றுமை.

இதனை யான் பொருள் செலவிட்டுக் கற்றேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் சிறு வீடொன்று கட்டியபோது, மலிவாகக் கிடைத்ததென்று பச்சைத் தேக்கு வாங்கினேன். “ஐயா, மரம் இன்னும் காயவில்லை. ஓரத்தில் வெள்ளையும் நிற்கிறது. ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார் தச்சர். புதுமனை புகும் நாளைக் குறித்துவிட்டபடியால் யான் கேட்டிலேன். அடுத்த கோடையில் கதவுப் பலகைகளுக்கு இடையே விரல் நுழைந்தது. மூன்றாம் ஆண்டு நிலையின் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. அது தின்ற இடம் முழுவதும் வெளிறே. வயிரத்தில் ஒரு துளையும் இல்லை.

பலகை சுருங்கியதன் காரணத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பச்சை மரத்தில் நீர் இரண்டிடத்தில் தங்கும். ஒன்று அணுக்களின் உட்குழிவு. மற்றொன்று அணுக்களின் சுவர். முதலில் குழிவிலுள்ள நீர் வெளியேறும். அப்போது மரம் எடை குறையுமேயன்றிச் சுருங்காது. ஈரம், உலர்ந்த கட்டையின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கிற்குக் கீழ் இறங்கிய பின்னரே சுவரின் நீர் வற்றத் தொடங்கும். சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும். வலிமை ஏறுவதும் அப்போதுதான். அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒத்ததன்று. நெடுக்கே இல்லையென்றே சொல்லலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல, வளையங்களின் போக்கில் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். பலகை கோணுவதும் வெடிப்பதும் இதனாலேயே.

மரங்களின் எடையிலும் ஒரு வியப்பு உண்டு. இலவோ கருங்காலியோ, எம்மரமாயினும் அணுச்சுவரின் பொருள் நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமுடையது. இலவு மிதப்பதற்கும், முற்றிய கருங்காலி நீரில் அமிழ்வதற்கும் காரணம் உள்ளிருக்கும் வெற்றிடத்தின் அளவே. தேக்கு இவற்றிற்கு இடைப்பட்டது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம். டேராடூனில் 1906-இல் நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையத்தார் தேக்கை 100 எனக் கொண்டு பிற மரங்களின் தன்மைகளை மதிப்பிட்டனர். அதனினும் வலிய மரங்கள் பல உள. ஆயினும் தேக்குக் குறைவாகச் சுருங்குவது. தன்னகத்து எண்ணெயால் தன்னைக் காத்துக்கொள்வது. 1817-இல் பம்பாயில் தேக்கால் கட்டப்பெற்ற ‘திரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது.

இனி மூங்கிலுக்கு வருவோம். அதற்கு வளர்படலம் இல்லை. முளை எப்பருமனோடு மண்ணைவிட்டு எழுகிறதோ அதற்குமேல் அது பருப்பதில்லை. சில திங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். பின்னர் மூன்று நான்கு ஆண்டுகள் அதன் நார்கள் முற்றும். அந்நார்கள் உட்புறத்தில் அருகியும், புறத்தோலை அடுத்து நெருங்கியும் நிற்கும். ஒரு கழியை வளைத்தால் மிகுதியான இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்குவது அதன் வெளிப்புறமே. நடுவிலுள்ள பொருள் பெரும்பாலும் வீண்சுமை. மூங்கில் நடுவை வெறுமையாக்கி, வேண்டிய இடத்தில் காழை வைத்திருக்கிறது. குழாய் நசுங்காதபடி கணுக்கள் தடுக்கின்றன. எடைக்கு எடை ஒப்பிட்டால், இழுப்பைத் தாங்குவதில் அது சாதாரண எஃகிற்குக் குறைந்ததன்று.

அதன் குறையும் அந்நார்களிலேயே உளது. அவை நெடுக்கே மட்டும் ஓடுதலால், ஓர் அரிவாள் வீச்சில் கழி பிளந்துவிடும். ஆணி அடித்தாலும் பிளக்கும். கட்டடச் சாரம் அமைப்போர் மூங்கிலைக் கயிற்றால் கட்டுவதன் நுட்பம் இதுவே. மேலும் அதன் உள்ளே மாப்பொருள் மிகுதி. அதை நாடும் வண்டுகள் துளைத்துக் கழியை மாவாக்கிவிடும். முற்றிய கழியையே வெட்டிச் சில வாரம் குளத்து நீரில் ஊறப்போட்டால் மாப்பொருள் கரைந்து, கழி எளிதில் உளுத்துப்போகாது.

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றே வகுத்திருந்தது. அதனால் உழவர் தம் கொல்லையில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் வெளியூர்க்குக் கொண்டுசெல்லவும் பல இடங்களில் இசைவுச் சீட்டு வேண்டியிருந்தது. 2017-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. மரங்களின் வரிசையினின்று மூங்கில் நீங்கியது. பனையும் பிரம்பும் அவ்வரிசையில் இன்னும் மரங்களாகவே நிற்கின்றன.