இடமிருந்தும் கதவடைக்கும் அஞ்சல் கணிப்பொறி

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சைக்கிள் நிறுத்துமிடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வண்டியை விட்டதும் காவலர் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைத் தருவார். அவரிடம் இருப்பவை 100 வில்லைகளே. நூறும் வெளியே போய்விட்டால், கொட்டகையில் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும் அடுத்த வண்டிக்கு அவர் கையை விரிக்க வேண்டியதுதான்.

மின்னஞ்சலை வாங்கி வழங்கும் சர்வர் என்னும் கணிப்பொறிக்கும் இதே இக்கட்டு நேர்வதுண்டு. வட்டிலே இடம் இருக்கும். நினைவகமும் போதிய அளவு இருக்கும். ஆயினும் "திறந்த கோப்புகள் மிகுந்துவிட்டன" என்று தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அது அஞ்சலை மறுக்கும்.

காரணம் என்ன? 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யுனிக்ஸும், அதன் வழியில் எழுந்த லினக்ஸும் ஏறக்குறைய எல்லாவற்றையும் கோப்பாகவே நடத்துகின்றன. வட்டிலுள்ள கடிதம் ஒரு கோப்பு. தொலைவிலுள்ள கைபேசியோடு உள்ள இணைப்பும் கோப்பு போன்றதே. ஒவ்வொன்றையும் திறக்கும்போது நிரலுக்கு ஓர் எண் வழங்கப்படுகிறது. அதுதான் நமது வில்லை. 1975ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு யுனிக்ஸில் ஒரு நிரலுக்கு 15 வில்லைகள்; 1979இன் ஏழாம் பதிப்பில் 20. இன்று லினக்ஸ் வழக்கமாகக் கொடுப்பது 1,024.

இது போதாதா? ஒரு கல்லூரியில் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குக் கைபேசியில் ஓர் இணைப்பு, மேசைக் கணிப்பொறியில் ஒன்று என்றால் 1,200 ஆயிற்று! (இணைப்புகளையெல்லாம் ஒரே நிரல் கவனிக்கும் அமைப்புக்கு இக்கணக்கு; ஆளுக்கொரு நிரலை ஏவும் சர்வர்களுக்குக் கணக்கு வேறு.) பொன்னமராவதி செல்லும் பேருந்தில் ஒருவரின் கைபேசி சிக்னலை இழக்கிறது. இணைப்பு அறுந்த செய்தி சர்வருக்கு எட்டுவதில்லை. ஐமேப் விதிப்படி, உள்நுழைந்தவர் பேசாதிருந்தாலும் குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த வில்லை யாருக்கும் பயனின்றிக் கிடக்கும்.

வில்லை தீர்ந்த சர்வர் சொல்லும் பிழைகள் நம்மைத் திசைதிருப்பும். முகவரி தேடவும் ஓர் இணைப்பு வேண்டும். கடவுச்சொல் பட்டியலைப் படிக்கவும் கோப்பைத் திறக்க வேண்டும். ஆகவே "முகவரி இல்லை", "நுழைய முடியவில்லை" என்றெல்லாம் புகார்கள் குவியும். நல்லவேளையாகக் கடிதங்கள் உடனே அழிவதில்லை. அனுப்பிய சர்வர் அவற்றை வரிசையில் வைத்து, நான்கைந்து நாட்களாவது மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது அஞ்சல் விதி. ஆனால் திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, ஆலங்குடி மாணவிக்குப் புதன்கிழமை கிடைத்து என்ன பயன்?

பெரும்பாலோர் செய்வது, சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்குவது. அப்போது எல்லா வில்லைகளும் திரும்பிவிடும். நோய் மட்டும் மறைந்தே இருக்கும். மாறாக, முதலில் பிழை எண்ணைப் பாருங்கள். 24 என்றால் பெரும்பாலும் அந்த நிரலின் எல்லை தீர்ந்தது. 23 என்றால் கணிப்பொறி முழுவதற்குமான எல்லை. பின்பு, லினக்ஸின் 'புராக்' அடைவில் அந்த நிரலுக்குரிய பகுதிக்குச் சென்றால் திறந்திருப்பவை வரிசையாகத் தெரியும். மணிக்கொரு முறை எண்ணி வரைபடம் போடுங்கள். பகலில் ஏறி இரவில் இறங்கினால் அது வேலைப்பளு, எல்லையை உயர்த்தலாம். ஆளில்லாத இரவிலும் ஏறிக்கொண்டே போனால் கசிவு. நிரல் திறந்ததை மூட மறக்கிறது என்று பொருள். 'குளோஸ் வெயிட்' நிலையில் இணைப்புகள் குவிந்திருப்பது இதற்கு வலுவான தடயம்: எதிர்முனை விடைபெற்றுவிட்டது, நம் நிரல்தான் இன்னும் வில்லையை விடவில்லை. கசியும் நிரலுக்கு 1,024ஐ 65,536 ஆக்கினாலும் கோளாறு தள்ளிப்போகுமே தவிர தீராது. நிரலின் திருத்திய பதிப்பைத்தான் நாட வேண்டும்.

எல்லையை உயர்த்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. முனையத்தில் 'யூலிமிட்' கட்டளையால் செய்யும் மாற்றம் அங்கிருந்து தொடங்கும் நிரல்களுக்கே பொருந்தும். 'சிஸ்டம்டி' தொடங்கிவைக்கும் அஞ்சல் நிரலுக்கு, அதன் சேவைக் கோப்பிலேயே புதிய எண்ணை எழுதி மீண்டும் இயக்க வேண்டும். எண் உண்மையில் ஏறியதா என்பதை, ஓடும் நிரலின் 'புராக்' பகுதியிலுள்ள 'லிமிட்ஸ்' கோப்பைத் திறந்தால் காணலாம்.