இழத்தலும் ஒப்புவித்தலும்

உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு இந்து நாகரிகம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், சைவசித்தாந்தங் கூறும் வீட்டுநெறியைத் தொட்ட அளவில், பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “எல்லாம் அவன் செயல் எண்டால் நாங்கள் ஏன் சேர் சோதினைக்குப் படிக்கவேணும்?” என்றான். வகுப்புச் சிரித்தது; யானுஞ் சிரித்தேன். ஆயினும் அவ்வினா விளையாட்டு வினா அன்று. இறைவனிடம் தன்னை ஒப்புவித்தல் என்பதைச் சோம்பலுக்கு இட்ட மறுபெயராகவும், தோல்வியுற்றார் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் ஆறுதலாகவும் கருதுவோர் நம்மிற் பலர். அன்று மணி அடித்தமையால் யான் தப்பினேன். அவனுக்கு அன்று கொடாத விடையே இக்கட்டுரை.

மெய்கண்டதேவர் 13 ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆயது. முதல் ஆறும் முப்பொருளின் உண்மையையும் இலக்கணத்தையும் நிறுவுவன. அடுத்த மூன்றும் சாதனம் பற்றியன. இறுதி மூன்றும் அதன் பயன் பற்றியன. தன்செயலறுதல் பேசப்படுவது பத்தாஞ் சூத்திரத்திலேயாம். மாணவன் செய்த பிழை யாதெனின், பத்தாஞ் சூத்திரத்தை முதலாஞ் சூத்திரமாக வாசித்தமையே. குருவின் உபதேசமும், உயிரைப் பற்றிய ஆராய்ச்சியும், திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுதலும் முன்னே நிற்க, அவற்றைக் கடந்து வந்தவனுக்கே ‘இனி உன் செயல் என ஒன்றில்லை’ என்று நூல் கூறுகின்றது. முயன்று பாராதவனிடம் ஒப்புவித்தற்கு என்ன உளது?

அச்சூத்திரம் கூறும் நிலை இருகூறுடையது. ஒன்று ஏகனாகி நிற்றல். மற்றையது இறைபணி நிற்றல். பெத்தநிலையில் இறைவன் உயிரோடு ஒன்றாய் நின்று அதனை இயக்கியது போல, முத்திநிலையில் உயிர் அவனோடு ஒன்றாய் நிற்றல் முன்னது. தன்னால் நிகழ்வன யாவும் அவன் அருளின்வழி நிகழ்வன என உணர்ந்து நிற்றல் பின்னது. நிற்குமாறு கூறப்பட்டது பணியில் என்பதை ஈண்டு ஊன்றி நோக்குக. செய்தல் ஒழியவில்லை, ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்பே ஒழிகின்றது. கண் காணும் இயல்பினதாயினும் உயிர் காட்டினாலன்றிக் காணமாட்டாது. அவ்வுயிர்க்கும் காட்டுவான் ஒருவன் உளன் என்பதே சித்தாந்தம். காட்டுவான் உளன் என்பதற்காகக் கண் இமையை மூடிக்கொள்வதில்லை.

வைணவரும் இவ்விடத்து நெடிது வாதித்தனர். தாயின் வயிற்றைக் குட்டி தானே பற்றிக்கொள்ளும் குரங்கின் நியாயத்தை வடகலையார் கொண்டனர். தாயே குட்டியைக் கௌவிச் செல்லும் பூனையின் நியாயத்தைத் தென்கலையார் கொண்டனர். பூனைக்குட்டியும் கத்தியேனும் தாயை அழைக்கின்றதே என்று கூறத் தோன்றுகிறது. அவ்வாதத்துள் புகுதல் எமக்கு ஏலாது.

இனி, சோம்பலினும் நுண்ணிய மயக்கம் ஒன்றுண்டு. அது இழத்தலைத் துறத்தலாகக் கருதுதல். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் மழையிடையே செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது யான் பள்ளிச் சிறுவன். எங்கள் அம்மம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டார். நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டு நின்றபொழுதும் அவர் கை அம்முடிச்சை விட்டு அகலவில்லை. “எல்லாத்தையும் பிள்ளையாரிட்டை விட்டாச்சு” என்று வழிநெடுக அவர் வாய் கூறிற்று. 1996 இல் மீண்டபோது வீட்டிற்குக் கூரை இல்லை, கதவும் இல்லை. திறப்பு இருந்தது.

அவரைக் குறைகூறுதற்கு இதனை எழுதினேன் அல்லேன். நம் மண்ணில் உடைமையை இழவாத குடும்பம் அரிது. ஆயின் பறிபோனமையால் மாத்திரம் ஒருவன் பற்றற்றவன் ஆகான். பறிகொடுத்தவன் நெஞ்சில் ‘எனது’ என்பது முன்னையினும் வலுப்பெறுதலும் உண்டு. இழந்த வளவின் எல்லையை இருந்த வளவின் எல்லையினும் தெளிவாக நினைவுகூர்வாரை யாம் அறிவோம். சாத்திரங் கூறும் இருவினையொப்பு இதனை விளக்கும். நல்வினையும் தீவினையும் நிறையால் ஒத்துப் போதல் அதுவன்று. 18 ஆம் நூற்றாண்டினராகிய சிவஞான முனிவர் மாபாடியத்தில் விளக்குமாறு, இருவினையிலும் அவற்றின் பயனிலும் ஒரே தன்மையான உவர்ப்பு அறிவின்கண் நிகழ்தலே அது. துன்பம் மட்டும் கசந்து இன்பம் இனித்திருக்குமாயின் அஃது ஒப்பன்று. அகதி முகாமில் வந்த வைராக்கியம், நிவாரண அரிசி வந்தவுடன் கரைந்ததை யான் என்னிடத்திலேயே கண்டிருக்கிறேன்.

விரும்பி விட்டவர் ஒருவரும் நம்மிடையே வாழ்ந்தார். யோகர் சுவாமிகள் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியப் பொறுப்பாளராய் இருந்தவர். நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளைக் கண்டபின் அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். 1964 இல் சமாதியடையும் வரையும் அவர் வற்புறுத்தியது சிவதொண்டு என்னும் ஒன்றையே. அவர் அடியார் அமைத்த நிலையமும் அப்பெயரே தாங்கியது. கணக்கரைக் கணக்கு எழுதவும், ஆசிரியரைப் பாடஞ் சொல்லவும் விட்டு, அதனையே தொண்டாக்குமாறு பணித்தமை பத்தாஞ் சூத்திரத்துக்கு அவர் வாழ்ந்து காட்டிய உரை என்பது எம் கருத்து.

ஒருமுறை விட்டால் யாவும் முடிந்ததென்று சாத்திரங் கூறவில்லை. பெருங்காயம் இருந்த பாண்டத்தைக் கழுவி வைத்த பின்னும் அதன் மணம் நீங்காது. அதுபோல மலத்தின் வாசனை சீவன்முத்தரையுந் தாக்க முயலும் என்றும், அதனை நீக்கவே அவரும் ஐந்தெழுத்தை ஓதி, அடியாரொடு கூடி, ஆலயத்தை வழிபடுவர் என்றும் அது கூறும். பெரியோர்க்கே இந்நிலை எனின், நம் போல்வார் ஒருநாட் பிரார்த்தனையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டோம் என எண்ணுதல் எங்ஙனம்?

பல ஆண்டுகளின் பின் அவ்வீட்டிற்கு ஓடு வேய்ந்து புதுக்கதவு இட்டோம். புதுத் திறப்பை அம்மம்மாவிடம் நீட்டியபோது, “உது உங்களிட்டை இருக்கட்டும், எனக்கேன்?” என்று வாங்க மறுத்தார். இரவில் வீடு பூட்டியதா என்றும் அதன்பின் அவர் கேட்டிலர். அவர் காலமான நாளில், சேலைத்தலைப்பில் பழைய திறப்பு முடிந்தபடியே இருந்தது.