தொகையும் நோக்கமும்

வங்கியில் ரொக்கம் செலுத்துவது குற்றமன்று. பல முறையாகச் செலுத்துவதும் குற்றமன்று. எனினும், பணத்தைப் பிரித்துச் செலுத்தியதற்காகவே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிறைக்குச் சென்றோர் உண்டு. அங்கே குற்றமாகக் கொள்ளப்படுவது செயலன்று. அதன் பின்னுள்ள நோக்கமேயாகும். அந்நோக்கத்தை மெய்ப்பிப்பது எவ்வாறு என்பதை நாம் இங்கே ஆராய்வோம்.

ஒரு நாளில் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்க நடவடிக்கையை அந்நாட்டு வங்கிகள் அரசுக்கு அறிவிக்கவேண்டும். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த முறை இது. அறிக்கைக்கு அஞ்சியோர் தொகையைக் கூறுபடுத்தலாயினர். ஆகவே 1986-இல், அறிக்கையைத் தவிர்க்கும் நோக்கத்துடன் அவ்வாறு செய்வதே குற்றமாக்கப்பட்டது. பணம் நேர்வழியில் ஈட்டியதாயினும் குற்றம் குற்றமே.

1988-இல் ரீனோ நகரில் ஒருவர் சூதாட்டத்தில் 1,60,000 டாலர் கடன்பட்டார். ரொக்கமாகக் கொடுத்தால் அறிக்கை அனுப்பவேண்டியிருக்கும் என்று விடுதியார் கூறவே, அவர் வங்கி வங்கியாகச் சென்று, ஒவ்வொன்றிலும் 10,000 டாலருக்குக் குறைந்த தொகைக்கே வங்கிக் காசோலை பெற்றார். அறிக்கையைத் தவிர்க்க விரும்பினார் என்பது தெளிவு. ஆயின், அது சட்டவிரோதம் என்பதை அவர் அறிந்திருந்தாரா? அதனையும் அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவேண்டும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. அறிக்கை விதியை அறிந்து, அதைத் தவிர்க்க நாடினார் என்று காட்டினாலே இப்போது போதும்.

உள்ளத்தை நேரில் கண்ட சாட்சி எவருமில்லை. ஆகவே, சூழ்நிலைகளே சாட்சியாகின்றன: ஒரே நாளில் பல கிளைகளுக்குச் சென்றது, அறிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் தொகையைக் குறைத்தது போன்றவை.

எல்லைக்குச் சற்றே குறைந்த தொகை மட்டும் குற்றத்தைக் காட்டிவிடாது. கடையிலுள்ள ரொக்கத்துக்கு 10,000 டாலர் வரையில்தான் காப்புறுதி உண்டு எனில், வணிகர் அத்தொகை சேருமுன்னரே வங்கிக்குச் செல்வது இயல்பு. இத்தகைய நேர்மையாளர் சிலருடைய பணமும் பறிமுதலாகி, கண்டனம் எழுந்தது. ஆகவே, பணம் தீயவழியில் வந்தாலோ வேறொரு குற்றத்தை மறைக்கப் பிரிக்கப்பட்டாலோ மட்டுமே வருமானவரித் துறை இவ்வகையில் அதைக் கைப்பற்றலாம் என 2019-இல் சட்டம் வரையறுத்தது.

நம் நாட்டிலும் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நடவடிக்கைகளையும், ஒரே மாதத்தில் அவ்வளவைக் கடக்கும் தொடர்புடைய சிறு நடவடிக்கைகளையும் வங்கிகள் அறிவிக்கின்றன. அறிக்கை என்பது குற்றச்சாட்டன்று. வெளி மாநிலங்களில் தொழில் நடத்தும் நம்மவர் அதற்கு அஞ்சிப் பணத்தைப் பிரிக்கவேண்டுவதில்லை. விற்பனைக் கணக்கையும் ரசீதுகளையும் பேணிவந்தால், நம் நோக்கத்துக்கு அவையே சான்று பகரும்.