ஷாகிர்த், பழகுநர், அப்ரண்டிஸ்: கையெழுத்துக்கு முன் ஒரு சொல் விளக்கம்



பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளை ஷூ கம்பெனியில் சேர்க்கும்போது பெற்றோரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். சிலவற்றில் ‘அப்ரண்டிஸ்’ என்றிருக்கிறது, சிலவற்றில் ‘டிரெய்னி’ என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று நம் அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் கேட்கிறார்கள். ஒன்றல்ல. எப்படி என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பகுதியில் உருது பேசும் வீடுகளில் தொழில் கற்கும் பையனை ‘ஷாகிர்த்’ என்பார்கள். கற்றுத் தருபவர் ‘உஸ்தாத்’. இவை அரபிச் சொற்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டுமே பார்சியில் பிறந்தவை. இஸ்லாத்துக்கு முந்திய பழைய பார்சியிலேயே ‘ஹஷாகிர்த்’ என்ற வடிவம் இருந்தது. ஆர்மீனிய மொழியில் இன்றும் மாணவனுக்கு ‘அஷகெர்த்’ என்றே பெயர். உஸ்தாத் என்ற சொல் பார்சியிலிருந்து அரபிக்குப் போனது. அரபியில் மாணவனைக் குறிக்க ‘தில்மீத்’ என்றும், தேடுபவன் என்ற பொருளில் ‘தாலிப்’ என்றும் சொற்கள் உண்டு.

ஷாகிர்த் என்ற சொல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு. கவிஞரிடம் கவிதை கற்பவரும் ஷாகிர்த், தையல்காரரிடம் ஊசி பிடிக்கக் கற்பவரும் ஷாகிர்த். ஏட்டுப் படிப்புக்கும் கைத்தொழிலுக்கும் அந்தச் சொல் ஒரே மரியாதையைத் தருகிறது. நபி தாவூத் (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் தொழிலை அல்லாஹ்வே கற்றுக்கொடுத்ததாகக் குர்ஆன் கூறுவதை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

தமிழில் அரசு வழங்கும் சொல் ‘தொழிற்பழகுநர்’. பழகு என்ற வினையிலிருந்து வந்தது. திரும்பத் திரும்பச் செய்து கைவரச் செய்துகொள்பவர் என்பது பொருள். தமிழில் ‘எடுபிடி’ என்றும் ஒரு சொல் உண்டு. ‘எடு’, ‘பிடி’ என்ற இரண்டு ஏவல்கள் சேர்ந்தது அது. ஒரு வருடம் டீ வாங்கி வந்து, கழிவுத்தோலைக் கூட்டி அள்ளியவன் எடுபிடி. அதே ஒரு வருடத்தில் கட்டிங், ஸ்டிச்சிங் என்று ஒரு வேலையையாவது தனியாகச் செய்யத் தெரிந்துகொண்டவனே பழகுநர்.

‘அப்ரண்டிஸ்’ என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலமான லத்தீன் சொல்லுக்குப் பற்றிப் பிடித்தல் என்று பொருள். தொழிலை மனதால் பற்றுபவன் அவன். ஷாகிர்த் உறவு பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நின்றது. ஐரோப்பாவின் அப்ரண்டிஸ் முறை எழுத்து ஒப்பந்தத்தில் நின்றது. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வருடப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1850-ல் வந்த முதல் அப்ரண்டிஸ் சட்டம், அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் தொழில் கற்பதை மனதில் வைத்து இயற்றப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ளது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்.

இந்தச் சட்டப்படி அப்ரண்டிஸுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அது அரசிடம் பதிவாக வேண்டும். பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழிலுக்கு 18. தோல் பதனிடுதல் ஆபத்தான தொழில்களின் பட்டியலில் உள்ளது. எனவே 18 நிறையாத பிள்ளையை அப்ரண்டிஸ் என்ற பெயரில் டேனரிக்குள் அனுப்பக் கூடாது. மாத உதவித்தொகை, கல்வித் தகுதியைப் பொறுத்துக் குறைந்தது ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை என 2019-ல் விதி திருத்தப்பட்டது. வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. அதிகாரியின் அனுமதியின்றி ஓவர்டைம் வாங்கக் கூடாது. பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறினால் நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அதே கம்பெனியில் வேலை கிடைக்கும் என்ற உறுதி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. அப்ரண்டிஸுக்கு பி.எஃப். பிடித்தமும் கிடையாது.

‘டிரெய்னி’ என்று மட்டும் எழுதிவிட்டால் மேற்சொன்னவை தாமாக வந்துவிடா. பெயர் டிரெய்னி, செய்வது முழு வேலை என்றால், முழுக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது உங்கள் உரிமை.

ஆகவே கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது 1961 சட்டப்படியான ஒப்பந்தமா, பதிவு எண் என்ன? எந்தத் தொழிலை, எத்தனை மாதத்தில் கற்றுத் தருவீர்கள்? மாதம் எவ்வளவு, வங்கிக் கணக்கில் வருமா? முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்து புரியவில்லை என்றால், ஒரு நாள் அவகாசம் கேட்டு நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படித்து விளக்குகிறோம், கட்டணம் இல்லை. நம் பிள்ளைகள் எடுபிடிகளாக நின்றுவிடாமல் நல்ல ஷாகிர்துகளாகி, நாளை உஸ்தாதுகளாக உயர அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.