காளையின் நெஞ்சில் ஒரு கடிகாரம்!

காங்கயம் காளை கொங்கு நாட்டின் பெருமை. பாரவண்டியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது அதன் இருதயம் விரைந்து அடிக்கிறது. அதை முடுக்கிவிடுவது எது?

இருதயத்தின் வலது மேலறையில் சிறிய திசு முடிச்சு ஒன்று உண்டு. அதில் எழும் மின்துடிப்பே ஒவ்வோர் அடியையும் தொடங்கி வைக்கிறது. ஆர்தர் கீத்தும் மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃபிளாக்கும் 1907-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். முதலில் கண்டது, மண்ணைக் குடையும் 'மோல்' என்ற சிறு பிராணியின் இருதயத்தில்!

வயதானால் இம்முடிச்சும் தளர்கிறது. கிழட்டுச் சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, முடிச்சின் செல்கள் மெதுவாகவே துடித்தன. இருதயத்தின் உச்சவேகமும் குறைந்திருந்தது. மனிதனுக்கும் வயது ஏற ஏற உச்சவேகம் குறைகிறது. உட்கார்ந்திருக்கையில் குறை தெரியாது, மேடேறினால் தெரிந்துவிடும்.

காளையின் நெஞ்சிலும் இதே முடிச்சுத்தான். உழைத்துக் களைத்த கிழக்காளை மேட்டில் நின்றுவிட்டால், சோம்பல் என்று தார்க்குச்சியை ஓங்கலாமா? சற்றே இளைப்பாற விடுங்கள்!