விடிய விடிய பஸ்சில் போறீங்களா? காலை ஆட்டிக்கிட்டே இருங்க!

சென்னையில் ராத்திரி பஸ் ஏறி, விடிந்ததும் ஊரில் இறங்குகிறவர்களைப் பாருங்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் தவிப்பார். வீங்கிய கால் செருப்பில் நுழையாமல் ஒரு அம்மா திண்டாடுவார்.

"சீட் சரியில்லே சார்" என்று பஸ் மேல் பழியைப் போடுகிறோம். சீட் மேலும் தப்பு உண்டு. ஆனால் நாம் உட்காருகிற விதத்திலும் தப்பு இருக்கிறது.

சென்னையில் இருந்து மதுரை சுமார் 460 கிலோ மீட்டர். நாகர்கோவில் சுமார் 700 கிலோ மீட்டர். தென் மாவட்ட பஸ்கள் கிளம்பும் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ந்தேதி திறக்கப்பட்டது. வடசென்னைக்காரர்கள் அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க ஒரே சீட்டில்!

ரத்தம் உறையும்

காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளி விடுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது பம்பு மாதிரி வேலை செய்யும். மணிக்கணக்கில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் பம்பு வேலை செய்யாது. ரத்தம் தேங்கும். பாதம் வீங்கும்.

சிலருக்கு காலின் ஆழத்தில் உள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி விடும். அது நகர்ந்துபோய் நுரையீரலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

"அது விமானத்தில் போகிறவங்க வியாதி" என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ம் ஆண்டு ஒரு ஆய்வை வெளியிட்டது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் இந்த அபாயம் ஏறக்குறைய 2 மடங்காகும் என்பது அதில் தெரிந்த உண்மை. பஸ், ரெயில், கார், விமானம் எல்லாம் ஒன்றுதான். பீதி வேண்டாம். சுமார் 6 ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் அந்த ஒருவர் நாமாக இருக்கக் கூடாதே!

திருட்டு பயம்

பலரும் காலை நீட்டாததற்குக் காரணம் திருட்டு பயம். பையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு விடிய விடிய உட்காருகிறார்கள். பணம், நகை, செல்போனை மட்டும் சிறு பையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். துணிப்பை மேலே போகட்டும். கால் நீட்ட இடம் கிடைக்கும்.

பேண்ட் பின் பாக்கெட்டில் தடிமனான பர்ஸ் வைப்பவர்களே, உஷார்! அதன் மேல் பல மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாயும். நரம்பு அழுந்தி பிட்டத்தில் இருந்து கால் வரை வலி இழுக்கும். பர்சை முன் பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். பிக்பாக்கெட்காரனும் ஏமாறுவான். இடுப்பும் தப்பும்.

ஒரு துண்டு போதும்

இடம் கிடைத்தால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள சீட்டைப் பிடியுங்கள். கடைசி சீட் தூக்கித் தூக்கிப் போடும்.

பிட்டம் சீட்டின் உள்கோடி வரை போகட்டும். நுனியில் உட்கார்ந்து சரிந்தால் முதுகு வளைந்து, பாரம் எல்லாம் இடுப்பில் இறங்கும். ஒரு துண்டைச் சுருட்டி, இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் வையுங்கள். சீட்டை லேசாகச் சாய்த்தால் நல்லது. பின்னால் இருப்பவருக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சாயுங்கள்; சண்டை வராது.

கால் தரையில் எட்டாதவர்கள் பாதத்துக்குக் கீழே பையை வைக்கலாம். சம்மணம் போட்டால் சற்று நேரம் சுகம்தான். அதிலேயே தூங்கினால் கால் மரத்துப்போகும். செல்போனை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் சுமார் 5 கிலோ தலையை கழுத்துதான் தாங்க வேண்டும். முகத்துக்கு நேராகப் பிடியுங்கள்.

அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பிறகு விரல்களை மேலே இழுங்கள். 20 தடவை செய்தால் போதும். பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி நாலு எட்டு நடந்து வாருங்கள். "சரக்கு" போட்டோ, தூக்க மாத்திரை போட்டோ ஏறுகிறவர்கள் கட்டை மாதிரி கிடப்பார்கள். அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

தைலம் வேண்டாம்!

கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், காலில் மாவுக்கட்டு போட்டவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

இரண்டு பாதமும் லேசாக வீங்கினால், படுத்து காலை உயர வைத்தால் வடிந்து விடும். ஆனால் ஒரே கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் விஷயம் வேறு. தைலம் போட்டு நீவாதீர்கள். கட்டி இருந்தால் நகர்ந்து விடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-க்கு போன் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து வந்தாலும், பஸ்சில் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

பெண்கள் பலர் மாலையில் இருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் பல இடங்களில் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. தாகத்தோடு, இறங்காமல், அசையாமல் ஊர் போய்ச் சேருகிறார்கள். இது உடம்புக்கு இரட்டைக் கேடு.

துண்டும் பர்சும் நம் கையில் இருக்கிறது. விளக்கும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை நம் கையில் இல்லை. அது இருக்கிற இடத்தில் மட்டும்தான் பஸ் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் என்ன? சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கவனிப்பார்களா?