ரோட்டுக்கு வந்தால் அறுந்துபோகும் இணைப்பு

"வீட்டு வைஃபையில பாதி இறங்கின பாடப் புத்தகம், வடசேரி பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு வந்ததும் ஏன் அப்படியே நின்னு போவுது?" டீக்கடையில் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி கேட்டார். கேள்வி இணையத்தின் அஸ்திவாரத்தைத் தொடுகிறது.

அண்ணாச்சி, போனும் சர்வரும் இத்தனை காலம் பேசிவந்தது டிசிபி என்ற நெறிமுறையில். 1981-இல் வரையறுத்தது. இரு பக்கத்து ஐபி முகவரி, போர்ட் எண் இவற்றை வைத்துத்தான் அது ஓர் இணைப்பை அடையாளம் காணும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் போனின் முகவரி மாறிவிடும். சர்வருக்கு நீங்கள் வேறு ஆள். கம்ப்யூட்டர் அறையை விட்டு நகராத காலத்து ஏற்பாடு அது.

இன்னொரு தொல்லை வரிசை. களியக்காவிளை செக்போஸ்டில் முன்னால் நிற்கும் லாரிக்கு ஒரு தாள் குறைந்தால், எல்லாம் சரியாக வைத்திருக்கும் பின் வண்டிகளும் நிற்குமே, அதே கதைதான். வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை எச்டிடிபி. 2015-இல் வந்த எச்டிடிபி/2, படம், எழுத்து, நிரல் எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் கலந்து அனுப்பியது. ஆனால் அடியில் டிசிபி ஒற்றை வரிசை. சிக்னல் மங்கி ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால், அது திரும்ப வரும்வரை மற்றவையும் காத்திருக்கும்.

இந்த இரண்டுக்கும் மருந்து குவிக் என்ற புது நெறிமுறை. கூகுள் 2012 வாக்கில் தொடங்கியது. 2021-இல் பொதுத் தரமானது. அதன்மேல் ஓடும் எச்டிடிபி/3 2022 ஜூனில் வந்தது. குவிக்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அடையாள எண் உண்டு. இணைப்பை இடம் மாற்றும் வசதியை இரு பக்கமும் திறந்து வைத்திருந்தால், முகவரி மாறினாலும் பேச்சு தொடரும். படத்தின் பொட்டலம் தொலைந்தால் படம் மட்டும் காத்திருக்கும்.

"அப்ப டிசிபியையே திருத்தியிருக்கலாமே?" என்றார் அண்ணாச்சி. அங்கேதான் சிக்கல். வழிநெடுக நிற்கும் ரௌட்டர்களும் ஃபயர்வால்களும் டிசிபி, யுடிபி என்ற இரு நெறிமுறைகளைத்தான் நன்றாக அறியும். டிசிபியில் திருத்தம் வந்தாலும், புதிய நெறிமுறை வந்தாலும் தடுத்துவிடக்கூடும். ஆகவே குவிக்கை யுடிபிக்குள் வைத்து அனுப்பினார்கள். உள்ளே இருப்பதை ஏறக்குறைய முழுவதும் மறையாக்கமும் செய்தார்கள். நடுவழிக் கருவிகள் உள்ளே எட்டிப் பார்த்து, அதையே எதிர்பார்க்கப் பழகிவிட்டால், நாளைக்குக் குவிக்கையும் மாற்ற முடியாமல் போகும். என்னைக் கேட்டால் வேகத்தைவிடப் பெரிய சாதனை இந்த மறையாக்கம்தான்.

மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. பிரௌசர் பெரும்பாலும் முதலில் பழைய வழியில் போகும். 'எனக்கு எச்டிடிபி/3-உம் தெரியும்' என்று சர்வர் பதிலிலேயே சொல்லும். அடுத்து பிரௌசர் அதை முயலும். யுடிபியை அடைத்து வைத்த அலுவலகமென்றால் பழைய வழிக்கே திரும்பிவிடும்.

உங்கள் வேலை பிரௌசரைப் புதுப்பித்து வைப்பது மட்டும், அண்ணாச்சி. பாடப் புத்தகத் தளத்தை நடத்துகிறவர்கள்தான் சர்வரில் எச்டிடிபி/3-ஐ இயக்கி, யுடிபி 443-ஆம் போர்ட்டைத் திறக்க வேண்டும். ஆரல்வாய்மொழி மலையடிவாரத்திலும் குளச்சல் கடற்கரையிலும் போனிலேயே படிக்கிற பிள்ளைகளுக்காக அதை அவர்கள் சீக்கிரம் செய்ய வேண்டும்.